இரவு ஷிப்டுக்காரி புருஷன்

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி லிஃப்டுக்குள்
இப்போது என் பெயர் இதுதான்.
முன்பு பலகை வடமலை.
வெல்ட் கீ துறையில்
நூறு கிலோ சீனி மூட்டையை முதுகில் வாங்கி
தொங்காங்குக்கும் கரைக்கும் நடுவே
பலகை அதிராமல் நடப்பவன்.
அதற்காக ஒரு கிராணி
எனக்கு சிகரெட் வாங்கித் தந்ததுண்டு.

கப்பல்கள் அக்கரைக்கே போய்விட்டன.
பட்டர்வொர்த்தில் இரும்புப் பெட்டிகளாக இறங்குகிறது சரக்கு.
பெட்டிக்கு முதுகு வேண்டாம்.

தனபாக்கியத்தை
விரலைப் பார்த்து எடுத்தார்கள்.
பாயான் லெப்பாஸ் கம்பெனியில்
வெள்ளைக் கோட்டு, தலைக்குத் தொப்பி,
கண்ணாடிக் குழாய்க்குள் குனிந்து
தலைமுடியிலும் மெல்லிய தங்கக் கம்பியை
புள்ளியோடு புள்ளி சேர்க்கிறாள்.
கல்யாணத்தில் நான் போட்டதைவிடக் கூடுதல் தங்கம்
ஒரு மாதத்தில் அவள் கை வழியே போகிறது.
வெளியே வரும்போது
தடவிப் பார்த்துத்தான் விடுகிறார்களாம்.

முதல் வாரம் சோறு அடிப்பிடித்தது.
இரண்டாம் வாரம்
எதற்கென்று இன்று நினைவில்லை
கை ஓங்கினேன்.
அவள் நகரவில்லை.
கண் இரண்டும் சிவந்திருந்தன.
அழுகை என்று நினைத்தேன்.
எட்டு மணி நேரக் கண்ணாடி.
ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மேலே இருந்த மின்விசிறிச் சுவிட்சைத் தட்டினேன்.
அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது,
நின்றுவிட்டது.

சம்பளக் கவரை அவள் என் கையில் தருவதில்லை.
பூட்டியும் வைப்பதில்லை.
முருகன் படத்தடியில் வைப்பாள்.
முதல் மாதம் அதிலிருந்து பத்து வெள்ளி எடுக்க
கும்பிடுவதுபோல நின்றேன்,
திருநீறுகூட பூசிக்கொண்டேன்.
இப்போது நேரே எடுக்கிறேன்
அரிசிக்கு, மீனுக்கு, பஸ் காசுக்கு.
மீதியை அப்படியே வைக்கிறேன்.
சாமிக்குத்தான் கணக்கு தெரியும்,
அவளுக்கும் தெரியும்.

பகலெல்லாம் வீட்டில் ரகசியக் குரல்.
அவள் தூங்குகிறாள்.
பக்கத்து வீட்டு ஆ லெங் தையல் மெஷினை ஓட்டினால்
போய் நின்று சைகை காட்டுகிறேன்.
அவள் மகளும் அதே கம்பெனி.
புரிந்துகொண்டு
துணியை மடியில் போட்டு, கையால் தைக்கிறாள்.

நேற்று இரவு
சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.
காலையில் அவசரப்பட வேண்டாமே.
கயிறு எனக்குப் புதிதில்லை,
முடிச்சுதான் நங்கூரத்துக்குப் போட்டதுபோல் விழுகிறது.
பெரியவள் கோமளம் பரீட்சைக்குப் படித்தாள்,
மலாயில் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள்.

இங்கிலாந்தில் லங்காஷயர் என்று ஒரு ஊராம்.
வீட்டுக்கு வீடு தறியாம்.
பிறகு நீராவி ஆலை வந்ததாம்.
மணியடித்ததும் பெண்டுகளும் பிள்ளைகளும்
ஆலைக்கு ஓடினார்களாம்,
சின்ன விரல், குறைந்த கூலி.

"அந்தத் தறிக்காரப் புருஷன் என்ன ஆனான்?"

பக்கத்தைப் புரட்டினாள்.
திரும்பவும் முன்னால் புரட்டினாள்.
"போடலப்பா. அடுத்த பாடம் ரயிலு."

பாயில் படுத்திருந்தவள்
கண் திறக்காமலே சொன்னாள்:
"குடிச்சே செத்திருப்பான்."

சின்னவள்தான் முதலில் சிரித்தாள்.
தலை ஆடியதில் பின்னல் அவிழ்ந்தது.
நான் சிரிக்கவில்லை,
மறுபடி மூன்றாகப் பிரித்தேன்.
வலது, நடு, இடது.
கொஞ்ச நேரம் கழித்து
எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பத்து மணிக்கு அவள் கோட்டை மாட்டினாள்.
நெத்திலி சம்பலும் சோறும்
டிபன் அடுக்கில் வைத்து
அவளோடு கீழே இறங்கினேன்.
ஏழாம் மாடியில் நின்றது லிஃப்ட்.
பழைய துறைமுகத்து ராயப்பன் ஏறினான்.
அவளைப் பார்த்தான், அடுக்கைப் பார்த்தான்,
என்னைக் கேட்டான்:
"இன்னும் வேலை ஒண்ணும் அமையலையா?"

கதவு திறந்தது.
கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
"அப்புறம் பேசலாம்," என்றேன்,
"அடுப்பை அணைச்சேனான்னு நினைவில்லை."